கொழும்பில் வலையமைப்பு வெப்பக் கமராக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருகொடவத்தை, பேலியகொட, மட்டக்குளிப் பக்கங்களில் களஞ்சியமோ கொள்கலன் முற்றமோ வைத்திருப்பவர்களும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோர அடுக்குமாடிகளின் நிர்வாகக் குழுவினரும் வெப்பக் கமரா வாங்குவதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இவற்றின் விலை சாதாரணக் கமராவின் விலையைப் போலப் பல மடங்கு என்பதால், எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம்.

எங்களிடம் இரவில் தெரியும் கமராக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வெப்பக் கமரா அவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

கடைகளில் "நைட் விஷன்" என்று விற்கப்படும் கமராக்கள் பெரும்பாலும் தம்மிடமுள்ள சிறு விளக்குகளிலிருந்து 850 நானோமீற்றர் அளவிலான, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அது பட்டுத் திரும்புவதைப் படமாக்குகின்றன. விளக்கின் வீச்சு முடியும் இடத்தில் அவற்றின் பார்வையும் முடிந்துவிடும். வெப்பக் கமராவுக்கு விளக்கே இல்லை. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பத் தானாகவே வெளியிடும் கதிர்வீச்சை, ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளத்தில், மைக்ரோபோலோமீற்றர் எனப்படும் உணரி பெற்றுக்கொள்கிறது. வானியலாளர் வில்லியம் ஹேர்ஷல் 1800இல் வெப்பமானியைக் கொண்டு கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவையும். ஆகவே முழு இருளும், எதிரே அடிக்கும் வாகன விளக்கும், மரநிழலும் இதற்கு ஒரு பொருட்டல்ல.

இன்னொரு வேறுபாடு சிறியதுதான், ஆனால் இரவுக் காவலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒளி பாய்ச்சும் கமராவின் முகப்பில் பூச்சிகள் மொய்க்கும். பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும். காற்றில் ஆடும் ஒற்றை இழை நூலாம்படை திரை முழுவதும் வெள்ளைக் கோடாகத் தெரிந்து, விடியும்வரை அசைவு எச்சரிக்கையைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். வெப்பக் கமராவில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

"வலையமைப்பு" வெப்பக் கமரா என்று தனியாகக் குறிப்பிடுவது ஏன்?

முன்னர் இத்தகைய கமராக்கள் பெரும்பாலும் இராணுவத்திடமும் எல்லைக் காவலிலும் இருந்தன. படத்தைத் தனிக் கம்பியில் தனித் திரைக்கு அனுப்பின. 2010இல் சுவீடனின் அக்சிஸ் நிறுவனம் நேரடியாகக் கணினி வலையமைப்பில் இணையும் வெப்பக் கமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. இன்று ஒரே ஈதர்நெட் கேபிளில் மின்சாரமும் படமும் செல்கின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2008இல் உருவாக்கப்பட்ட ஒன்விஃப் நியமத்துக்கு இணங்கும் கமராவாக இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள பதிவுக் கருவியிலேயே படத்தைப் பெறலாம். ஆனால் படம் வருவதனாலேயே வெப்பக் கமராவின் எல்லை மீறல் எச்சரிக்கைகளும் வந்துவிடும் என்று கொள்ள வேண்டாம். இதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

செப்புக் கேபிளின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. பெரிய முற்றத்தின் மதிலோரக் கமராக்களுக்குப் பெரும்பாலும் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்க வேண்டிவரும். செலவுக் கணக்கில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கொழும்பின் வெக்கையில் மனிதர் தனியாகத் தெரிவாரா? சூழலும் உடம்பும் ஒரே சூட்டில் இருக்குமே?

நியாயமான ஐயம். குளிர்நாடுகளில் எடுத்த விளம்பரப் படங்களில் மனிதர் பனிமீது வெண்சுடர் போலத் தெரிவார். கொழும்பில் அந்தப் பளிச்சென்ற வேறுபாடு கிடைக்காது. தோலின் மேற்பரப்பு சுமார் 33 பாகை செல்சியஸ். உடையின் மேற்பரப்பு அதைவிடச் சற்றுக் குறைவு. பகலில் நமது காற்றின் வெப்பநிலை 30, 31 பாகையைத் தொடும். வெயிலில் கிடக்கும் கொங்கிறீற்றும் தகரமும் அதற்கும் மேலே செல்லும். ஆகவே நடுப்பகலில் ஒரு மனிதர் பின்னணியைவிடக் குளிர்ந்தவராக, திரையில் கருநிழலாகத் தெரிவார். இரவில் நிலம் ஆறியபின் அவரே வெண்மையாகத் தெரிவார்.

இவ்விரண்டுக்கும் இடையில், காலையில் மதில் சூடேறும் வேளையிலும் மாலையில் அது ஆறும் வேளையிலும், பின்னணியும் மனிதரும் ஒரே அளவுக்கு வந்து ஒன்றுக்குள் ஒன்று மறையும் ஒரு நேரம் இருக்கிறது. அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது மதில் எதனால் கட்டப்பட்டது, எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடலை நோக்கிய மேற்குச் சுவர்கள் மாலை வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்வதால், இருட்டிய பின்னும் வெகுநேரம் சூட்டை விடாமல் வைத்திருக்கும். நல்ல கமராக்கள் 0.05 பாகை அல்லது அதிலும் சிறிய வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் என்பதால் மனிதர் முற்றாக மறைந்துபோவது அரிது. ஆனால் மனிதரைத் தானாக இனங்கண்டு எச்சரிக்கும் மென்பொருளுக்கு அந்த மங்கலான உருவம் போதாமல் போகலாம்.

எனவே எமது ஆலோசனை இதுதான்: செயல்முறை விளக்கத்தை இரவு 11 மணிக்கு மட்டும் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். காலை 8 மணியளவிலும் மாலை 7 மணியளவிலும், உங்கள் மதிலின் ஓரமாகவே ஒருவரை நடக்கவிட்டுப் பாருங்கள்.

மழையில் என்ன ஆகும்?

தூறல் பெரிதாகப் பாதிக்காது. மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றின்போதும், ஒக்ரோபர், நவம்பர் மாத மாலை இடிமழையிலும் இரண்டு விதமாகத் திறன் குறையும். அடர்ந்த மழைத்துளிகள் கதிர்வீச்சை வழியிலேயே உறிஞ்சிச் சிதறடிப்பது ஒன்று. நனைந்த நிலம், சுவர், இலை, உடை எல்லாம் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுவது மற்றொன்று. மழை விட்ட பிறகும் சிறிது நேரம் படம் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம். அத்துடன், ஈரக் குடை பிடித்தவரின் தலையும் தோளும் குடைக்குப் பின்னால் மறைந்து, கால்கள் மட்டும் நடந்து வருவதைப்போல் தெரியும். இத்தகைய உருவத்தையும் மனிதர் என்று மென்பொருள் அடையாளம் காண்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது கொழும்பில் மிகையான கவலையல்ல.

பெட்டியில் "1 கிலோமீற்றர் தூரத்திலும் மனிதரைக் கண்டறியும்" என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

எழுதியது பொய்யல்ல, அதன் பொருள் நீங்கள் நினைப்பதல்ல. அமெரிக்க இராணுவ ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் ஜோன்சன் 1958இல் முன்வைத்த அளவுகோலே இன்றும் இத்துறையில் வழங்குகிறது. வெப்பக் கமராக்களுக்கு அதைப் பயன்படுத்தும்போது, மனிதரின் குறிப்பளவை 0.75 மீற்றர் என்று எடுத்துக்கொண்டு, அந்த அளவின்மீது 1.5 பிக்சல் (படப்புள்ளி) விழுந்தால் "ஏதோ இருக்கிறது" என்றும், 6 பிக்சல் விழுந்தால் "அது மனிதர்" என்றும், 12 பிக்சல் விழுந்தால் "இன்ன விதமான மனிதர், கையில் ஏதோ வைத்திருக்கிறார்" என்றும் சொல்லலாம் என்று கொள்வர். இதுவும் பார்ப்பவர் சரியாகச் சொல்வதற்கு 50 சதவீத வாய்ப்பு என்ற அடிப்படையில் அமைந்த கணக்கு.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 12 மைக்ரோமீற்றர் பிக்சல் கொண்ட உணரியும் 25 மில்லிமீற்றர் லென்ஸும் உள்ள கமராவில் 1.5 பிக்சல் என்பது சுமார் 1,040 மீற்றர் தூரத்தில் கிடைக்கும். பெட்டியில் அச்சாவது இந்த எண். அதே கமராவில் மனிதர் என்று உறுதிகொள்வது சுமார் 260 மீற்றரிலும், 12 பிக்சல் கிடைப்பது சுமார் 130 மீற்றரிலும்தான். லென்ஸை 7 மில்லிமீற்றராக மாற்றினால் இம்மூன்று எண்களும் ஏறத்தாழ 290, 73, 36 மீற்றராகச் சுருங்கும். அதற்கு ஈடாகப் பார்வைப் பரப்பு அகலும். 384 பிக்சல் அகலமுள்ள உணரியில் முதல் லென்ஸ் சுமார் 10 பாகைக் கோணத்தையும், இரண்டாவது சுமார் 36 பாகைக் கோணத்தையும் காட்டும். பெரும்பாலான வெப்பக் கமராக்களில் லென்ஸ் நிலையானது. பின்னர் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. ஆகவே மதிலின் நீளத்தை முதலில் அளந்து, லென்ஸை அதன்பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது "எத்தனை மீற்றர்?" என்பதை அல்ல, "எங்கள் மதிலின் கடைசி மூலையில் நிற்பவர்மீது எத்தனை பிக்சல் விழும்?" என்பதையே கேளுங்கள்.

முகம் தெரியுமா?

தெரியாது. மனிதர் வந்தார், இவ்வழியே போனார், குனிந்தார், எதையோ தூக்கினார் என்பவை தெரியும். அவர் யார் என்பது தெரியாது. வாகன இலக்கத் தகட்டையும் வாசிக்க முடியாது, ஏனெனில் தகடும் எழுத்தும் ஒரே சூட்டில் இருக்கும். ஆளை அடையாளம் காண்பதற்கு வாயிலிலும் ஒடுங்கிய வழிகளிலும் சாதாரணக் கமரா கட்டாயம் வேண்டும்.

சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டுமா? கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கலாமா?

இரண்டும் இயலாது. கமரா பார்ப்பது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் யன்னல் கண்ணாடி இந்த அலைநீளத்துக்குச் சுவரைப் போன்றது. எதிரே நிற்கும் காவலாளியின் உருவத்தையே அது பிரதிபலித்துக் காட்டும். இதனால்தான் இக்கமராக்களின் லென்ஸ் ஜேர்மானியம் என்னும் விலைகூடிய தனிமத்தால் செய்யப்படுகிறது. கடற்காற்றிலிருந்து காப்பதாக எண்ணிக் கமராவுக்கு முன்னால் கண்ணாடிக் கூடோ பெர்ஸ்பெக்ஸ் மூடியோ போட்டுவிட்டு, கமரா பழுதடைந்துவிட்டது என்று முறையிடுவோர் உண்டு. மூடியைக் கழற்றியதும் பழுது தீர்ந்துவிடும்.

மறுபுறம், மேற்பரப்பின் சூடு சில தகவல்களை இலவசமாகத் தரும். முற்றத்தில் வரிசையாக நிற்கும் லொறிகளுள் ஒன்றின் எஞ்சின் மூடி மட்டும் வெண்மையாகத் தெரிந்தால் அது இப்போதுதான் வந்து நின்றது. கொள்கலனின் கதவுப் பிடியில் ஒருவர் சிறிது நேரம் கையூன்றிவிட்டு எடுத்தால், விரல்களின் தடம் சில கணங்கள் திரையில் நின்று மெல்லக் கரையும். கவனமுள்ள காவலாளி இவற்றைப் படிக்கப் பழகிவிடுவார்.

நாய், பூனை, மரநாய் எல்லாம் இரவு முழுவதும் எச்சரிக்கையைக் கிளப்பாதா?

கொழும்பில் இதுதான் நடைமுறையில் முதற் பிரச்சினை. தெருநாய்கள் வெதுவெதுப்பான உடலோடு மதிலோரம் அலைகின்றன. மரநாய் கூரை விளிம்பில் ஓடுகிறது. வெளவால்கள் கமராவின் அருகே பறக்கும்போது ஆளளவு பெரியதாகத் தெரிகின்றன. கால்வாயோரங்களில் உலாவும் கபரகொய்யா குளிர்குருதி விலங்கு என்பதால் இரவில் அவ்வளவாகத் தொந்தரவு தருவதில்லை.

இதற்கான தீர்வு மென்பொருளை இடத்துக்கேற்பச் சரிசெய்வதிலுள்ளது. கமராவின் உயரமும் சாய்வும் பதிவுசெய்யப்பட்டு, உயரம் தெரிந்த ஒருவர் அருகிலும் தூரத்திலும் நடந்து காட்டப்பட்டால், திரையின் எந்தப் பகுதியில் மனிதர் எவ்வளவு பெரியவராக இருப்பார் என்பதை மென்பொருள் அறிந்துகொள்ளும். அதன்பிறகு 40 மீற்றரில் நிற்கும் நாயை 150 மீற்றரில் நிற்கும் மனிதராக அது மயங்குவது குறையும். எச்சரிக்கைக் கோட்டை வீதியில் போகும் ஓட்டோக்களும் பாதசாரிகளும் தொடாதவாறு மதிலுக்கு உட்புறமாக வரைய வேண்டும். வெயிலில் கொதித்த தகரக் கூரை, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, ஜெனரேற்றரின் புகைக்குழாய் ஆகியவை இருக்கும் பகுதிகளை மறைத்துவிட வேண்டும்.

உணர்திறனை ஒரேயடியாகக் குறைத்து எச்சரிக்கைகளை அடக்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஊர்ந்து வருபவரும் நாயின் அளவில்தான் இருப்பார். ஓர் இரவில் காவலாளி எழுந்து பார்க்கக்கூடிய எண்ணிக்கையில் எச்சரிக்கைகள் வந்தால் போதும். அதற்கு மேல் வந்தால், இரண்டாம் வாரத்தில் ஒலிபெருக்கியின் வயர் கழன்று தொங்குவதைக் காண்பீர்கள்.

உள்ளே நுழைந்தவரை எவ்வாறு பின்தொடர்வது?

ஒரு கமராவின் எச்சரிக்கை "வந்துவிட்டார்" என்று மட்டும் சொல்லும். பின்தொடர்வதற்குக் கமராக்கள் வலையமைப்பில் சேர்ந்து இயங்க வேண்டும். நிலையான வெப்பக் கமரா உருவத்தைக் கண்டதும், அவரது பாதம் திரையில் எங்கே படுகிறது என்பதைக் கொண்டு தரையில் அவர் நிற்கும் இடத்தைக் கணக்கிடும். அந்த இடத்தை வலையமைப்பினூடாகச் சுழலும் கமராவுக்கு அனுப்பினால், அது தானாகவே திரும்பி, பெரிதாக்கி, விளக்கையும் போட்டு, நிறப்படம் எடுக்கத் தொடங்கும். அவரது இருப்பிடம் முற்றத்தின் வரைபடத்தில் நகரும் புள்ளியாகக் காவலறைத் திரையில் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. தரை மேடுபள்ளமாக இருந்தால் இடக் கணக்குத் தவறும். கொள்கலன் அடுக்குகளுக்கு இடையில் ஒருவர் மறைந்து மறுபக்கத்தில் வெளிப்படும்போது, அவர் முன்பு கண்டவரா வேறொருவரா என்று வெப்பப் படம் உறுதியாகச் சொல்லாது, ஏனெனில் சட்டையின் நிறம் அதில் இல்லை. சுழலும் கமரா ஒருவரைத் துரத்தும்போது மற்றவர் எதிர்மூலையில் இறங்கலாம். ஆகவே சுழலும் கமராவை மட்டும் நம்பி நிலையான கமராக்களைக் குறைக்கக் கூடாது.

கமராவின் காலடியில் இருக்கும் குருட்டிடமும் முக்கியம். மேலே சொன்ன 25 மில்லிமீற்றர் லென்ஸ் கமராவை 5 மீற்றர் உயரத்தில் பொருத்தி, படத்தின் மேல்விளிம்பை அடிவானத்தில் நிறுத்தினால், முதல் 36 மீற்றர் வரையான தரை படத்திலேயே வராது. எனவே ஒவ்வொரு கமராவின் காலடியையும் அதற்கு முந்திய கமரா பார்க்கும்படி மதிலோரமாக ஒரே திசையில் வரிசைப்படுத்துவர்.

இடங்களுக்குப் பெயர் வைக்கும்போது "கமரா 7" என்பதைவிட "ரயில் பாதைப் பக்க மதில்" என்பது மேல். காவலாளிக்கு வாசிக்க வசதியான மொழியிலேயே அது திரையில் வரட்டும். நள்ளிரவில் ஓடுபவர் அவர்தான்.

செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறோம். எங்களுக்கு இது தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. அடுத்தடுத்து ஒட்டிய கட்டடங்களும் வீதி விளக்கும் உள்ள இடத்தில், நல்ல சாதாரணக் கமராவும் கதவு, ஷட்டர் உணரிகளும் கூடுதல் பயன் தரும். பின்பக்கக் கூரை வழியாக ஆள் இறங்கக்கூடிய இருண்ட இடம் இருந்தால் அதற்கு மட்டும் ஒன்று போதும்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய காய்ச்சல் கமராவை மதிலுக்கு மாற்றிப் பொருத்தலாமா?

வேண்டாம். அவை கூரைக்குக் கீழே, சில மீற்றர் தூரத்தில் முகத்தின் சூட்டை அரைப் பாகைத் துல்லியத்தில் அளப்பதற்காக அமைந்தவை. லென்ஸ், உறை, மென்பொருள் மூன்றும் மதிலுக்குப் பொருந்தா.

மின்தடை, இடிமின்னல்?

காவலறைக் கணினிக்கு மட்டும் யூபிஎஸ் வைத்துவிட்டு, கமராக்களின் கேபிள்கள் வந்து சேரும், அவற்றுக்கு மின்சாரமும் தரும் வலையமைப்புச் சுவிட்சை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. நிலையான வெப்பக் கமராக்கள் பல 15 வாட்டுக்குள் இயங்குவதால் சுவிட்சையும் சேர்த்துத் தாங்குவது பெரிய செலவல்ல. கம்பத்தின் உச்சியிலுள்ள கமராவுக்கு மின்னல் பாதுகாப்புக் கருவியும் முறையான நிலத்தொடுப்பும் கட்டாயம். ஏப்ரல், ஒக்ரோபர் இடிமழைக் காலத்தில் அவை இல்லாதவற்றின் கேபிள் வழியே மின்னெழுச்சி ஓடி, பதிவுக் கருவியையும் சேர்த்து எரித்துவிடும்.

கமராவுக்குள்ளேயே ஒருவர் இணைய வழியாக ஊடுருவினால்?

2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட இலட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் றவுட்டர்களையும் கைப்பற்றிப் பெரிய இணையச் சேவைகளையே முடக்கியது. எனவே கடவுச்சொல்லை மாற்றுங்கள்; கமராக்களை அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வையுங்கள்; வீட்டிலிருந்து பார்ப்பதற்கு றவுட்டரில் கதவைத் திறந்துவிடாமல் விபிஎன் எனப்படும் பாதுகாப்பான தனி இணைப்பின் வழியாக நுழையுங்கள். மதிலுக்கு வெளியே எட்டக்கூடிய இடத்தில் கேபிள் தொங்கினால், அதைப் பிடுங்கித் தன் கணினியில் மாட்டுபவருக்கு உங்கள் வலையமைப்பே திறந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

அயல்வீட்டார் ஆட்சேபித்தால்?

வெப்பப் படத்தில் முகம் இல்லை என்பது அவர்களுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் யார் எப்போது மொட்டைமாடிக்கு வருகிறார் என்பது தெரியும் என்பதால் ஆட்சேபம் நியாயமானதே. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2001இல் கைலோ வழக்கில், வீதியில் நின்றபடி ஒரு வீட்டின் சூட்டை வெப்பக் கமராவால் பார்த்ததையே சோதனையிடல் என்று தீர்ப்பளித்து, அதற்கு ஆணை வேண்டும் என்றது. அது பொலிஸாரைப் பற்றியது, நம்மைக் கட்டுப்படுத்தாது, எனினும் சிந்தனைக்குரியது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதால், நிறுவனங்கள் எதற்காகப் பதிவுசெய்கின்றன, எவ்வளவு காலம் வைத்திருக்கின்றன, யார் பார்க்கலாம் என்பவற்றை எழுத்தில் வைத்திருப்பது நல்லது. அயல்வீட்டு யன்னல் வரும் பகுதியைக் கமராவிலேயே மறைத்து, மறைத்ததை அவர்களுக்குத் திரையில் காட்டிவிட்டால் பெரும்பாலான பிணக்குகள் அங்கேயே தீரும்.

நீதிமன்றத்தில் இந்தப் பதிவு பயன்படுமா?

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் சம்பவ வேளையில் எடுத்த பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி செய்கிறது. கருவி ஒழுங்காக இயங்கியது என்பதையும் பதிவு மாற்றப்படவில்லை என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே எல்லாக் கமராக்களின் கடிகாரமும் ஒரே நேர வழங்கியோடு இணைந்து இலங்கை நேரத்தைக் காட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வெப்பப் பதிவில் 2:10 என்றும் வாயிற் கமராவில் 2:25 என்றும் இருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அதைத்தான். சம்பவம் நடந்தால் 119க்கு அறிவித்துவிட்டு, மூலப்பதிவின்மேல் புதிய பதிவு விழாதபடி உடனே பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

படம் அவ்வப்போது ஒரு கணம் உறைந்து, உள்ளே "கிளிக்" என்று கேட்கிறது. பழுதா?

இல்லை. உணரியின் பிக்சல்களைச் சமப்படுத்துவதற்காகக் கமரா தனக்கு முன்னே ஒரு சிறு தகட்டை இறக்கி ஏற்றுகிறது. சில கமராக்களின் படம் செக்கனுக்கு 9 படச்சட்டங்களுக்குக் குறைவாகச் சற்றுத் தடங்கலாக ஓடுவதும் பழுதல்ல. வேகமானவற்றுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருப்பதால் அவ்வாறு தயாரிக்கிறார்கள். நடந்து வருபவரைக் கண்டறிய அந்த வேகம் போதும்.

கடலோரத்தில் எவ்வாறு பராமரிப்பது?

உப்புப் படிவு லென்ஸில் படலமாகி உருவங்களை மங்கச் செய்யும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பின் மணிகளே மேற்பூச்சைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடலோர மேற்பூச்சாக வைரம் போன்ற கடினக் கரிமப் பூச்சுள்ள லென்ஸைக் கேட்டு வாங்கலாம். பிடிப்புகளும் திருகாணிகளும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மேற்கே கடலை நோக்கிப் பொருத்துவதாயின், மாலைச் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழாதபடி சாய்த்து வையுங்கள். சில உணரிகளில் சூரியனின் தடம் நிலையாகப் பதிந்துவிடும், அதை உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.